பழுதில் நம் பங்கு

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
12 மார்ச் 2025

அன்புள்ள மாதவி,

தீபாவளியன்று என் வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இனிமே எதுவா இருந்தாலும் எழுதி அனுப்புங்க, நீங்கதான் வக்கீலாச்சே" என்று நீ சொன்னதை ஓர் அறிவுறுத்தலாகவே எடுத்துக்கொண்டேன். ஆதலால் இது தபாலில் வருகிறது.

உன் மைவி காரின் காப்பீடு மே மாத இறுதியில் முடிவடைகிறது. குடும்பத்தின் காப்பீடுகளை நானே கவனித்து வருவதால், புதுப்பிப்பு அறிவிப்பு என் மின்னஞ்சலுக்கு வந்துள்ளது. இவ்வாண்டு நிறுவனம் ஒரு தெரிவை நம்மிடமே விட்டிருக்கிறது. எக்ஸஸ் எவ்வளவு என்பதே அது. கார் இடிபட்டால், பழுதுபார்க்கும் செலவில் முதல் பகுதியாக நாம் ஏற்கும் தொகை எக்ஸஸ். அதற்கு மேற்பட்டதையே நிறுவனம் தரும். நம் பங்கு கூடினால் பிரீமியம் குறையும். நம் பங்கு குறைந்தால் பிரீமியம் கூடும். பூஜ்யம், ஆயிரம் ரிங்கிட், இரண்டாயிரத்து ஐந்நூறு ரிங்கிட் ஆகிய மூன்றில் ஒன்றை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

என் பரிந்துரை இரண்டாயிரத்து ஐந்நூறு. நீ இதுவரை ஒரு முறைகூட இழப்பீடு கோரியதில்லை. சிறு இடிகளையெல்லாம் கிள்ளானிலேயே ஏதோ ஒரு வொர்க்‌ஷாப்பில் உன் கைக்காசில் சரிசெய்துகொள்கிறாய். கோரப்போகாத ஒன்றுக்காகக் கூடுதல் பிரீமியம் செலுத்துவதில் பொருளில்லை.

காரின் இன்றைய நிலையைக் காட்டும் படங்கள் தேவை. அவற்றைக் கைபேசியில் அனுப்பலாம். படம் எழுத்தாகாது என்பதால் நம் ஏற்பாடு மீறப்பட்டதாக நான் கருதமாட்டேன்.

தீபாவளிப் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. உன்னைப் 'பம்பர் மாதவி' என்று நான் அழைத்தது வேடிக்கைக்காக. விருந்தினர் முன்னிலையில் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை என்று உன் அண்ணி புனிதா கருதுகிறாள். அவள் கருத்தில் நியாயம் இருக்கக்கூடும்.

பத்து நாள்களுக்குள் பதில் வராவிடில் என் பரிந்துரைக்கு நீ இணங்குவதாகக் கொள்வேன்.

உன் அண்ணன்,
கமலநாதன்


கிள்ளான்
17 மார்ச் 2025

அண்ணே,

"இருக்கக்கூடும்"ங்கிறதுதான் உங்க மன்னிப்பா? நல்லா இருக்கு. கோர்ட்டுல கட்சிக்காரங்ககிட்டயும் இப்படித்தான் பேசுவீங்களா? அண்ணிக்கு என் நன்றியைச் சொல்லுங்க. உங்களுக்கு இல்ல.

பதில் வரலன்னா சம்மதம்னு எடுத்துக்குவேன்னு எழுதியிருக்கீங்க. நம்ம வீட்டுல யாரு அப்படி? அம்மா பேசாம இருந்தா சம்மதம்னா அர்த்தம்? மூணு நாளைக்கு வீட்டுல ரசம்தான்னு அர்த்தம். அதனால அவசர அவசரமா எழுதுறேன்.

எக்ஸஸ் பூஜ்யம் போடுங்க. பிரீமியம் கூடினா கூடட்டும், நான் கட்டுறேன். பாலர் பள்ளியில எனக்குச் சம்பளம் தராமலா வேலை வாங்குறாங்க? ஏன் பூஜ்யம்னு மட்டும் கேக்காதீங்க.

அப்புறம் ஒரு சந்தேகம். ஓட்டுறவங்கன்னு பத்திரத்துல என் பேரு மட்டும்தானே இருக்கு? எங்க வீட்டுக்காரரு ஓட்டி எங்கேயாவது இடிச்சிட்டா என்ன ஆகும்? பணம் தரமாட்டாங்களா? அவரு பேரையும் சேர்த்துடலாமா? சும்மாதான் கேக்குறேன்.

படம் அனுப்பிட்டேன். பார்த்துச் சிரிச்சிக்குங்க.

மாதவி


பிரிக்பீல்ட்ஸ்
21 மார்ச் 2025

அன்புள்ள மாதவி,

உன் சந்தேகத்துக்கு முதலில் விடை. பத்திரத்தில் பெயர் இல்லாத ஒருவர், உன் அனுமதியுடன் ஓட்டி இடித்தால், இழப்பீடு மறுக்கப்படாது. ஆனால் நாம் தெரிவு செய்யும் எக்ஸஸ் போக, அதற்கென்று தனியாக ஓர் எக்ஸஸும் உன் தலையில் விழும். மாப்பிள்ளையின் பெயரைச் சேர்ப்பது எளிது. ஒரு வரி எழுதினால் போதும்.

அந்த ஒரு வரியை எழுதுவதற்கு முன் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. முன் பம்பரின் இடமூலை, இடப்பக்கக் கண்ணாடி, இடப்பக்கப் பின்கதவு என எல்லாக் கீறல்களும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. வலப்பக்கம் கடையிலிருந்து இறக்கியதைப் போலிருக்கிறது. கவனமில்லாமல் ஓட்டுகிறவர் எல்லாப் பக்கமும் இடிப்பார். ஒரு பக்கத்தில் மட்டும் இடிப்பவருக்கு அந்தப் பக்கம் ஏதோ தெரியவில்லை என்று பொருள்.

இன்னொன்று. ஒருவர் எவ்வளவு எக்ஸஸ் கேட்கிறாரோ அதைக் கொண்டு, வரும் ஆண்டைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று சொல்லிவிடலாம். இடிக்கமாட்டோம் என்று நம்புகிறவர் கூடுதல் பணம் கட்டிப் பூஜ்யம் வாங்குவதில்லை. நீயோ பூஜ்யம் கேட்கிறாய். காரணத்தைக் கேட்காதே என்கிறாய். அதே கடிதத்தில் மாப்பிள்ளை ஓட்டினால் என்ன ஆகும் என்று "சும்மா" கேட்கிறாய்.

வழக்கமாகக் காரை ஓட்டுவது யார் என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு. அதற்குப் பொய்யான விடையை எழுதி வாங்கும் பத்திரம், தேவைப்படும் நாளில் கைவிட்டுவிடும். ஆகவே கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. காரை இடித்தது நீதானா?

உன் அண்ணன்,
கமலநாதன்


கிள்ளான்
25 மார்ச் 2025

நான்தான். பூஜ்யம் போடுங்க.

மாதவி


கிள்ளான்
2 ஏப்ரல் 2025

அண்ணே,

போன கடிதத்தைக் கிழிச்சிப் போட்டுடுங்க. நான் இல்ல. அவருதான்.

முந்தாநாள் பாசார் மாலாமுக்கு, ராத்திரிச் சந்தைக்குப் போயிட்டு வந்துக்கிட்டிருந்தோம். அவருதான் ஓட்டினாரு. காப்பார் ரோட்டுல இடது பக்கம் திரும்பினப்போ, ஒரு மோட்டார் சைக்கிள்காரரு எங்களுக்கு இடதுல வந்துக்கிட்டிருந்தாரு. எனக்கு நல்லாத் தெரியுது. இவரு பாட்டுக்குத் திருப்புறாரு. நான் கத்தினேன். பிரேக் போட்டாரு. அந்த மோட்டாரு ரோட்டோரப் புல்லுல ஏறி நின்னுச்சு. ஆளுக்கு ஒண்ணும் இல்ல, சாமி காப்பாத்துச்சு. அவரு ஹெல்மெட்டைக் கழட்டிட்டு, "பாக்சிக், பூத்தா கா?"ன்னு கேட்டாரு. பெரியவரே, கண்ணு குருடான்னு. நான்தான் இறங்கிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் வீடு வரைக்கும் நானே ஓட்டினேன்.

இடது கண்ணுல ரெண்டு வருஷமாவே புகை மாதிரி இருக்காம். முதல்ல கண்ணாடி அழுக்குன்னாரு. அப்புறம் வேலையில ஓட்டுற லோரியோட தூசின்னாரு. அவங்க அப்பாவுக்கு இனிப்பு நீருல, சர்க்கரை வியாதியிலதான் கண்ணு போச்சு, உங்களுக்கே தெரியும், கடைசியில கையைப் பிடிச்சிக் கூட்டிக்கிட்டுப் போவோம். இவருக்கும் இனிப்பு நீர் இருக்கு. டாக்டர்கிட்ட போனா "முடிஞ்சிது"ன்னு சொல்லிடுவாங்கன்னு பயம். போகலன்னா இன்னும் முடியலன்னு ஒரு நினைப்பு. எனக்கும் அதே பயம்தான், அவரை மட்டும் சொல்ல மாட்டேன்.

இன்னொண்ணும் இருக்கு. இதை எங்கேயும் ஃபைல் போட்டு வச்சிடாதீங்க. போன வருஷம் லோரி லைசென்சைப் புதுப்பிக்க கிளினிக்குக்குப் போனப்போ நானும் கூடப் போனேன். வெளியே காத்துக்கிட்டிருந்தோம். கதவு திறந்திருந்துச்சு, சுவத்துல இருக்கிற எழுத்துப் பலகை நல்லாத் தெரிஞ்சிது. "என்ன எழுதியிருக்குன்னு சொல்லு"ன்னாரு. மெதுவா வரி வரியா சொன்னேன், அவரு திருப்பிச் சொன்னாரு, தப்பாச் சொன்ன இடத்தை மறுபடியும் சொல்லிக்கொடுத்தேன். என் பாலர் பள்ளிப் பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்ற மாதிரியே. உள்ளே போய் ஒரு எழுத்து பிசகாம ஒப்பிச்சிட்டு வந்தாரு. அன்னைக்கு ரெண்டு பேருக்கும் சந்தோஷம்தான். இப்ப ராத்திரியில லோரிச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துடுறேன். போர்ட் கிள்ளான்லேர்ந்து கொண்டெய்னரை இழுத்துக்கிட்டுப் போறவரு.

காரை எங்க இடிச்சாலும் நான்தான்னு சொல்லிக்கிட்டேன். கிளேம் போட்டா போலீஸ் ரிப்போர்ட்டு கேப்பாங்க, யாரு ஓட்டினதுன்னு எழுதணும். அதான் கைக்காசு. தீபாவளி அன்னைக்கு நீங்க பம்பர் மாதவின்னு சொன்னீங்க, எல்லாரும் சிரிச்சாங்க. அதுல எனக்கு ஒண்ணும் வலிக்கல அண்ணே. இவரு மட்டும் சிரிக்கல. தலையைக் குனிஞ்சிக்கிட்டு இட்டிலியைப் பிசைஞ்சிக்கிட்டே இருந்தாரு, சாப்பிடாம. அதைப் பார்க்க முடியாமத்தான் எழுந்து வந்துட்டேன்.

போன்ல சொல்ல முடியாது, என் போனை அவரும் எடுப்பாரு. நீங்க கேட்ட கேள்விக்கு இதான் பதில். இனி என்ன செய்றது, சொல்லுங்க. லோரியை விட்டா அவரு வேற என்ன ஆளு? எனக்கு அதுதான் தெரியல.

மாதவி


பிரிக்பீல்ட்ஸ்
5 ஏப்ரல் 2025

அன்புள்ள மாதவி,

அந்த மோட்டார் சைக்கிள்காரருக்கு ஒன்றும் நேரவில்லை என்ற வரியை அடைந்த பிறகே என்னால் மற்றவற்றைப் படிக்க முடிந்தது. உன் கடிதத்தைக் கோப்பில் வைக்கவில்லை. சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்த பின், படிக்காதவனைப் போல நடந்துகொள்ள எனக்கு இயலாது. நாம் இவ்வளவு நாளாக விவாதித்த எக்ஸஸ், காரின் தகரத்துக்கும் சாயத்துக்கும் உரியது. அந்த மோட்டார்காரர் புல்லில் ஏறித் தப்பாமல் போயிருந்தால், பூஜ்யமும் இரண்டாயிரத்து ஐந்நூறும் ஒன்றுதான்.

ஆகவே கண் பரிசோதிக்கப்படும் வரை மாப்பிள்ளை லோரியில் ஏறக்கூடாது, காரையும் ஓட்டக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்க எனக்கு இடமில்லை. சில நாள் விடுப்பு எடுக்கச் செய்வது உன் பொறுப்பு. என்ன காரணம் சொல்வாய் என்பதில் நான் தலையிடமாட்டேன்.

என் பொறுப்பு பின்வருமாறு. நான் கண் மருத்துவரைப் பார்க்கப் போவதாகவும், துணைக்கு ஆள் தேவை என்றும் மாப்பிள்ளையிடம் இன்று மாலை தொலைபேசியில் சொல்வேன். பொய் சொல்ல எனக்கு வராது. ஆதலால் உண்மையாகவே எனக்கொரு நேரத்தைப் பதிவு செய்துவிட்டேன். அதற்கடுத்த நேரத்தையும் கேட்டு வைத்திருக்கிறேன். அது யாருக்கு என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கண்ணில் மருந்து விட்டபின் வண்டி ஓட்டக்கூடாதாம். அவர் கிள்ளானிலிருந்து ரயிலில் வரட்டும். நான் இங்கே ரயில் நிலையத்தில் காத்திருப்பேன்.

நாற்காலியில் உட்காரச் சொல்லி அவரை நான் வற்புறுத்தமாட்டேன். நான் உட்காருவதை அவர் பார்ப்பார். அதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை.

லோரியை விட்டால் அவர் யார் என்று கேட்டிருந்தாய். விடை எனக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி எழுந்துவிட்டது என்று நாமே முடிவுசெய்துவிட வேண்டாம். புகை என்றுதானே சொன்னார்? இருட்டு என்று சொல்லவில்லையே.

உன் அண்ணன்,
கமலநாதன்


கிள்ளான்
10 ஏப்ரல் 2025

அண்ணே,

காட்டரேக்ட்தானாம். வெறும் கண்புரை. இனிப்பு நீரால உள்ளே ஒண்ணும் கெடலயாம். எடுத்துட்டு லென்ஸ் வச்சா பார்வை திரும்பிடுமாம். உங்களுக்குத் தெரியும், நீங்க கூடவே இருந்தீங்க, ஆனாலும் என் கையால ஒரு தடவை எழுதணும் போல இருக்கு. அவரு வந்து சொன்னதும் அடுப்பை நிறுத்திட்டுத் தரையில உட்கார்ந்து அழுதேன். "கண்ணு நல்லாயிடும்னுதானே சொன்னேன், ஏன் அழுவுற?"ன்னு கேட்டாரு. "அதான் அழுவுறேன், போங்க"ன்னேன்.

லீவுக்கு என்ன சொன்னேன்னு கேட்டீங்கல்ல? கேக்கல, ஆனா சொல்றேன். "அந்த மோட்டார்காரரு முகம் என் கண்ணுலயே நிக்குது, நீங்க லோரி எடுத்தா நான் வேலைக்குப் போகாம ஜன்னல்லயே உட்கார்ந்திருப்பேன்"னு சொன்னேன். சூப்பர்வைசருக்குப் போன் அடிச்சாரு.

மருத்துவமனைக் கதையை இங்க தினமும் சொல்றாரு. அக்கம்பக்கத்துல யாரு வந்தாலும் சொல்றாரு. அவரு சொல்றபடியே எழுதுறேன், தப்பு இருந்தா ஆட்சேபிச்சிக்குங்க:

"மச்சானை முதல்ல கூப்பிட்டாங்க. ஒரு கண்ணை மூடிக்கிட்டு கடைசி வரியைப் படிக்கச் சொன்னாங்க. மச்சான் தொண்டையைச் சரிபண்ணிக்கிட்டு, 'அது டி ஆக இருக்க வாய்ப்புண்டு. ஆயினும் ஓ என்பதை முற்றாக மறுப்பதற்கில்லை'ன்னாரு. டாக்டர் பொண்ணு, 'அங்கிள், இது கோர்ட் இல்லலா. தெரியுதா, தெரியலையா?'ன்னு கேட்டுச்சு. கழுத்தை நீட்டிப் பார்த்தாரு. 'தெரியவில்லை'ன்னாரு. 'அப்ப ராத்திரியில எப்படி அங்கிள் கார் ஓட்டுறீங்க?'ன்னு அது கேட்டுச்சு. 'மிகவும் மெதுவாக'ன்னாரு."

இதைச் சொல்லிட்டு அவரு சிரிக்கிற சிரிப்பு இருக்கே. அப்புறம் குரலை இறக்கிக்குவாரு.

"அடுத்து என் பேரு. நான் கொடுக்கவே இல்ல, மச்சான் வந்ததும் கவுண்டர்ல கொடுத்திருக்காரு, கூப்பிட்டாங்க. மச்சானே தெரியலன்னு சொல்லிட்டாரு, எனக்கென்னன்னு போய் உட்கார்ந்தேன். வலது கண்ணை மூடச் சொன்னாங்க. லைசென்ஸ் கிளினிக்குல இருந்த அதே பலகை. மாதவி சொல்லித் தந்தது எல்லாம் நாக்கு நுனியில இருக்கு. நாலு எழுத்து ஒப்பிச்சேன். அப்புறம் நிறுத்திட்டு, 'டாக்டர், இது மனப்பாடம். எனக்கு அங்க சுவரே தெரியல'ன்னேன்."

அண்ணே, நான் எத்தனையோ பிள்ளைங்களுக்கு ஒப்பிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கேன். பாதியில நிறுத்தினதுக்காக ஒருத்தரை நினைச்சிப் பெருமைப்பட்டது இதான் முதல் தடவை.

உங்க புதுக் கண்ணாடி எப்படி இருக்கு?

மாதவி


பிரிக்பீல்ட்ஸ்
14 ஏப்ரல் 2025

அன்புள்ள மாதவி,

புத்தாண்டு வாழ்த்துகள்.

மாப்பிள்ளையின் சாட்சியம் பெரும்பாலும் சரியானதே. "மிகவும் மெதுவாக" என்று நான் சொல்லவில்லை. "இயன்றவரை மெதுவாக" என்றேன். கண்ணாடி அணிந்த பின் புனிதாவின் கையெழுத்து எனக்கு முதன்முறையாக விளங்குகிறது. கடைக்குப் போகச் சொல்லி அவள் எழுதித் தந்தவற்றில் பாதியை நான் இத்தனை காலம் ஊகித்தே வாங்கி வந்திருக்கிறேன் என்று தெரிகிறது.

அறுவைச் சிகிச்சை இம்மாத இறுதியில். தம் கண்ணின் நிலையை மாப்பிள்ளையே சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டதாகவும், அதுவரை யார்டில் கொண்டெய்னர்களின் சீல்களைச் சரிபார்க்கும் வேலை தந்திருப்பதாகவும் சொன்னார். நான் அஞ்சியதைவிட மிக எளிதாக முடிந்திருக்கிறது. சிகிச்சைக்குப் பின் லோரி உரிமத்துக்கான பரிசோதனையை முதலிலிருந்து, முறையாக, வேறு பலகையில் செய்துகொள்ளுமாறு அவரிடம் கேட்டுக்கொண்டேன். "நீங்க சொல்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன் மச்சான்" என்றார்.

தீபாவளியன்று நான் சொன்னதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இதில் "கூடும்" ஏதுமில்லை.

எக்ஸஸைப் பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டாம். மே இறுதிவரை காலமிருக்கிறது. இப்போது தெரிவு செய்தால் பயத்தில் தெரிவு செய்வோம்.

உன் அண்ணன்,
கமலநாதன்


கிள்ளான்
20 மே 2025

அண்ணே,

இவருக்குக் கண்ணு தெரிஞ்சதுல எனக்குத்தான் தொல்லை. மின்விசிறியில தூசின்னாரு. சுவத்துல கறைன்னாரு. என்னை வெளிச்சத்துல நிக்க வச்சி, "உனக்கு எப்ப இவ்வளவு நரை வந்துச்சு?"ன்னாரு. "நீங்க ஓட்டும்போது பக்கத்துல உட்கார்ந்தேன்ல, அப்ப"ன்னேன்.

லைசென்ஸ் பரிசோதனை முடிஞ்சிது. என்னைக் கிளினிக் பக்கமே வரக்கூடாதுன்னுட்டாரு. தனியா போனாரு, தனியா படிச்சாரு, பாஸ். அடுத்த வாரம் லோரி.

நேத்து சாயங்காலம் காரைக் கழுவினாரு. இடது பக்கம் போய்க் குந்திட்டாரு. தண்ணிக் குழாய் சும்மா ஓடிக்கிட்டே இருந்துச்சு, என்னன்னு போய்ப் பார்த்தேன். கீறலை ஒவ்வொண்ணா விரலால தடவிக்கிட்டு இருக்காரு.

"இது எங்க?"

"பாசார் தூண்."

"இது?"

"நம்ம வீட்டுக் கேட்டு."

"இந்தப் பெருசு?"

"அது எனக்கே தெரியாது. நீங்க தனியா போனப்போ. நீங்கதான் சொல்லணும்."

யோசிச்சாரு, யோசிச்சாரு, ஞாபகம் வரல. ரெண்டு பேரும் ஈரத்தரையில உட்கார்ந்து சிரிச்சோம்.

எக்ஸஸுக்கு வர்றேன். பூஜ்யம் வேணாம், அது பயத்துல கேட்டது. நான் ஆயிரம்னு சொன்னேன். அவரு ஒத்துக்கல. சண்டை. அவரே எழுதுறேன்னு பேனாவைப் பிடுங்கிட்டாரு. கீழே இருக்கு. எழுத்து பெருசா இருந்தா சிரிக்காதீங்க, பழக்கம் விட்டுப்போச்சு.

மாதவி

மச்சான், விஜயன் எழுதுறேன். ரெண்டாயிரத்து ஐந்நூறே போடுங்க. பூஜ்யம்னா இடிச்சா கம்பெனி பார்த்துக்கும்னு மனசு இளகிடும். எனக்கு இனி இளகக் கூடாது. இடிச்சா முதல் பங்கு என் கையிலேர்ந்து போகணும். ஓட்டுறவங்க பேருல என் பேரை முதல்ல போடுங்க. இத்தனை நாளா அவதான் முதல்ல நின்னு வாங்கிக்கிட்டா.


பிரிக்பீல்ட்ஸ்
23 மே 2025

அன்புள்ள மாதவிக்கும் மாப்பிள்ளைக்கும்,

புதுப்பித்தாயிற்று. எக்ஸஸ் இரண்டாயிரத்து ஐந்நூறு ரிங்கிட். மார்ச் மாதத்தில் நான் பரிந்துரைத்ததும் இதே தொகைதான். ஆனால் அன்று நான் கணக்குப் பார்த்துச் சொன்னேன். மாப்பிள்ளை சொல்லும் காரணம் அதைவிட வலுவானது, அதையே ஏற்றுக்கொண்டேன்.

பெயர்களின் வரிசை என் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று. காருக்கு உரியவள் மாதவி என்பதால் அவள் பெயரே முதலில் அச்சாகும். மாப்பிள்ளையின் பெயர் அடுத்த வரியில் இருக்கிறது. வழக்கமாக ஓட்டுவது யார் என்ற கேள்விக்கு "இருவரும்" என்று எழுதினேன். தயங்காமல் எழுதினேன்.

வரும் ஞாயிறு மதியம் இருவரும் இங்கே சாப்பிட வர வேண்டும். புனிதா நண்டு வாங்கப்போவதாக எழுதித் தந்திருக்கிறாள். நண்டுதான், சரியாகப் படித்தேன். மாப்பிள்ளை ஓட்டட்டும். எங்கள் அடுக்ககத்தின் அடித்தளத்தில் தூண்கள் மிக நெருக்கமானவை. விருந்தினருக்கான இடமும் இரண்டு தூண்களுக்கு நடுவே, இடப்பக்கம் ஒரு சாண்கூட மிச்சமில்லாமல் இருக்கிறது. வழக்கமாக யார் வந்தாலும் நான் இறங்கி வந்து பின்னால் நின்று கை காட்டுவேன்.

இந்த முறை வரமாட்டேன். மேலே இலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

கமலநாதன்